நூல் கட்டாத பாட்டில்கள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நாலா ஓடுகிறது. ஓடையை இங்கே நாலா என்றுதான் சொல்வோம். தமிழர், பெங்காலி, தெலுங்கர் எல்லோருக்கும் தீவில் அதற்கு அந்த ஒரே பெயர்தான். எங்கள் ஊரான சௌல்தாரியின் பாக்குத் தோப்புகளுக்கு மேலே இருக்கும் குன்றிலிருந்து அது இறங்கி வருகிறது. அந்தக் குன்றின் பாறை கரும்பச்சை நிறம். நனைந்தால் பாம்புத் தோல் மாதிரி பளபளக்கும்.

அந்த நாலாவின் தண்ணீரை, ஒரு வருடம் முழுக்க, திங்கட்கிழமை தவறாமல் அம்மா எனக்காகப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தாள். மொத்தம் ஐம்பத்திரண்டு பாட்டில்கள். அவற்றை வைத்துத்தான் என் முதல் ஆய்வுக் கட்டுரை எழுதப்பட்டது. அதில் என் பெயர் முதலில் வரும். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவர்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காகப் போனவள் நான் ஒருத்திதான். ரேஷன் கார்டு, மருத்துவமனைச் சீட்டு, கப்பல் டிக்கெட் என்று எது வந்தாலும் அம்மாவும் அப்பாவும் என் கையில்தான் கொடுப்பார்கள். பத்து வயதிலிருந்தே எனக்கு அதில் பெருமை. கட்டுரை சரியாக வந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும் என்று கல்லூரியில் எங்கள் பேராசிரியை சொல்லியிருந்தார். வேறு எதைப் பற்றியும் நான் நினைக்காத வருடம் அது.

என் தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் பால் வெட்டினார்கள். சுனாமிக்குப் பிறகு சௌல்தாரிக்கு வந்தோம். அப்பா ஒரு பாக்குத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். அம்மா பாக்கு உரிக்கப் போவாள். பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி அம்மாள் இருக்கிறார். நான் அவரை மாசி என்பேன், அம்மா தீதி என்பாள். மாசி மீன் குழம்பு கொடுத்தனுப்பினால் அந்தக் கிண்ணத்தை அம்மா வெறுமனே திருப்பித் தந்ததே இல்லை. நாலு பச்சை மிளகாய், ஒரு பிடி அரிசி, எதுவுமே இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது உள்ளே இருக்கும். இருபது வருடத்தில் மாசிக்கும் அது பழகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாத்திரங்கள், அம்மா சொல்வது போல ஏனங்கள், காலியாகப் போய் நான் பார்த்ததில்லை.

தண்ணீர் எதற்கு என்று முதல் நாளே அம்மா கேட்டாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து சொன்னேன்.

மழைத்துளி விழும்போதே காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் விழுகிறது. சோடாவில் அடைப்பதும் அதே வாயுதான். அதனால் மழைநீருக்கு மிக லேசான புளிப்பு உண்டு. அந்தப் புளிப்பு பாறையை அரிக்கிறது. அரிக்கும்போது வாயுவும் பாறையின் சத்தும் சேர்ந்து வேறொரு உப்பாக மாறித் தண்ணீரோடு ஓடுகின்றன. நாலா அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. கடலில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் அதைச் சுண்ணாம்பு ஓடாகக் கட்டிக்கொள்கின்றன. அவை செத்து அடியில் படிகின்றன. காற்றில் இருந்தது கல்லாகிவிடுகிறது. எங்கள் கரும்பச்சைப் பாறை இந்த வேலையை மற்றப் பாறைகளைவிட வேகமாகச் செய்யும். எவ்வளவு என்று அளக்கத்தான் தண்ணீர்.

அப்பா பாக்குச் சாக்கைத் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "கல்லு கரையுதுங்கிற. அப்போ நம்ம வீட்டு அஸ்திவாரம்?"

"அதுக்கெல்லாம் லட்ச வருசம் ஆகும்ப்பா."

"அப்போ பக்கா. அதுக்குள்ள உங்கம்மா பேச்சுல நானே கரைஞ்சிடுவேன்."

அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ இந்த நாலா காத்துல இருக்க பொகைய கழுவி சமுத்திரத்துல ஊத்துது. அதானே?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா என்னா? சரியா, தப்பா?"

"சரிதாம்மா."

மிச்சத்தையும் சொன்னேன். கடலடியில் படிந்தது அங்கேயே கிடந்துவிடுவதில்லை. எங்கள் தீவுகளுக்கு மேற்கே கடலடித் தட்டு தீவுகளின் அடியில் நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. கிழக்கே எரிமலைத் தீவு புகைகிறது. அடியில் போனது வெந்து, வாயுவாகி, எரிமலை வழியாக மறுபடி காற்றுக்கு வருகிறது. பூமி சூடானால் மழை கூடும், பாறை வேகமாகக் கரையும், வாயு குறையும், பூமி மெல்லக் குளிரும். குளிர்ந்தால் கரைவது குறையும், எரிமலை விடும் வாயு காற்றில் சேரும், மறுபடி சூடாகும். பூமி இத்தனை காலம் வெந்தும் போகாமல் உறைந்தும் போகாமல் இருப்பதில் இந்தப் பாறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த வேலை லட்சக்கணக்கான வருடங்களில் நடப்பது. நாம் இப்போது விடுகிற புகைக்கு அது ஈடுகொடுக்காது.

மேற்கே நழுவும் அந்தத் தட்டு உதறியதில்தான் சுனாமி வந்தது, நாம் கட்சாலை விட்டு வந்ததும் அதனால்தான் என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். "இத்தன வேல நடக்குதா நம்ம காலுக்கு அடியில" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

ஜூனில் மழை பிடிப்பதற்கு முன், நாலாவில் ஒரு குச்சியை நட்டேன். அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியாது. அதனால் குச்சியில் மூன்று நிறம் அடித்தேன். கீழே பச்சை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. தண்ணீர் எந்த நிறம் வரை ஏறியிருக்கிறதோ அந்த நிற நூலைப் பாட்டிலின் கழுத்தில் கட்ட வேண்டும். அதை வைத்து அன்று எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று நான் கணக்கிடுவேன். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். நீருக்குள் முக்கி, உள்ளேயே மூட வேண்டும். ஒரு காற்றுக் குமிழ்கூடத் தங்கக் கூடாது.

அம்மா இரண்டு முறை தப்பாகச் செய்தாள், மூன்றாம் முறை சரியாகச் செய்தாள். பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒரு முட்ட இல்ல, பாரு" என்றாள். குமிழைத்தான் முட்டை என்றாள்.

"ஒரு வாரம்கூட விடக்கூடாதும்மா. ஒரு பாட்டில் கொறைஞ்சாலும் எல்லாம் வீண்" என்று சொல்லிவிட்டு நான் மெயின்லேண்டில் இருக்கும் கல்லூரிக்குப் போனேன்.

திங்கள்தோறும் அம்மா பஸ் பிடித்து டவுனில் இருக்கும் ஜங்லிகாட்டுக்குப் போவாள். அங்கே ஒரு ஸ்கூட்டர் பட்டறையின் மாடியில் எங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு ஒரு சின்ன அறையும் ஒரு ஃபிரிட்ஜும் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தெலுங்கு அண்ணன். அம்மா படியேறி வந்ததும், கங்கை நீர் கொண்டுவந்தாயா என்று அவர் கேட்பாராம்: "க்யா அம்மா, கங்கா ஜல் லாயா?" அம்மாவும் விடமாட்டாள். "ஹாங், லாயா. பியேகா?" குடிக்கிறாயா என்று பாட்டிலை நீட்டுவாள். அவர் வாங்கிவைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்கு ஒரு காலிப் பாட்டில் கொடுப்பார். வந்த பாட்டிலைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் நோட்டில் நிறத்தைக் குறித்துக்கொள்வேன். ஜூனில் மஞ்சள், ஜூலையில் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. டிசம்பரில் பச்சைக்கு இறங்கியது.

பிப்ரவரி நடுவில் வந்த படத்தில் நூலே இல்லை. அடுத்த வாரமும் இல்லை. ஃபோன் செய்தேன். விடுதி வராந்தாவில் தோழிகள் சாப்பிடப் போகக் காத்திருந்தார்கள்.

"என்னம்மா, நூல் கட்ட மறந்துட்டியா?"

"மறக்கல புள்ள. இந்த வருசம் நாலா ஒரு மாதிரியா இருக்கு. கட்டுறதுக்கு..."

"அது எப்பவும் பிப்ரவரியில கொறையும்மா. வெவரம் தெரிஞ்சதுலேர்ந்து பாக்குறேன், அது வத்தவே வத்தாது. பச்சைன்னு நானே போட்டுக்குறேன். பாட்டில் மட்டும் விடாத."

"பாட்டிலு வருதுல்ல?"

"வருது."

"அப்போ சரி" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

என் சிறு வயதில் அந்த நாலா வற்றியதில்லை என்பது உண்மை. மார்ச்சில்கூட கல்லுக்கு நடுவில் கயிறு மாதிரி ஓடும். கல்லூரிக்குப் போன பிறகு நான் மார்ச்சில் வீட்டில் இருந்ததே இல்லை என்பதும் உண்மை.

ஏப்ரல் கடைசி வரை பதினொரு பாட்டில் நூலில்லாமல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் பச்சை என்று எழுதி, பக்கத்தில் 'மறதி' என்றும் எழுதினேன். பதினொரு முறை.

ஜூனில் ஊருக்கு வந்து ஐம்பத்திரண்டு பாட்டிலையும் அளந்தேன்; அடுத்த வருடத்துக்கும் அம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பதினொன்றில் கரைந்த உப்பு மற்றவற்றைவிட அதிகமாக இருந்தது. மறுபடி ஒரு முறை அளந்து பார்த்தேன். தண்ணீர் குறைந்து பாறைக்குள் மெதுவாக ஊறி வருவதால் அதிகம் கரைத்துக்கொண்டு வருகிறது என்று எழுதினேன். வறண்ட மாதத்திலும் எங்கள் பாறை ஓய்வதில்லை என்பது என் முடிவு. பேராசிரியை மூன்று முறை படித்தார். "இது நல்லா இருக்கும்மா. இதுதான் உன் பேப்பரோட உயிர்" என்றார்.

செப்டம்பரில் ஒரு கருத்தரங்கில் பேசினேன். "இந்த ஓடை காற்றைக் கழுவிக் கடலில் ஊற்றுகிறது" என்று தொடங்கினேன். கைதட்டினார்கள். அது அம்மாவின் வாக்கியம். அங்கே நான் அதைச் சொல்லவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அக்டோபரில் அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா ஃபோனில், "சாதா புகார்தான், நீ வரவேணாம்" என்றார். காய்ச்சலை இங்கே புகார் என்போம். இரண்டாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் நான் ஏறிய விமானம் தீவுக்கு மேல் வந்து, மேகம் திறக்காமல் திரும்பிப் போய்விட்டது. மறுநாள் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வீட்டு வாசலில் மாசி நின்றிருந்தார். அம்மா முந்தைய இரவே போய்விட்டிருந்தாள். அந்தத் திங்கட்கிழமை பாட்டிலும் ஜங்லிகாட் போய்ச் சேர்ந்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. காய்ச்சலோடு போயிருக்கிறாள். கழுத்தில் சிவப்பு நூல்.

அப்பாவைத் தனியே விட முடியாமல் நான் வீட்டிலேயே தங்கினேன். கட்டுரையை இங்கேயே முடித்து அனுப்பலாம் என்றார் பேராசிரியை. தண்ணீர் எடுக்கும் வேலையும் எனக்கு வந்தது. ஜனவரி முழுக்கப் பச்சை நூல் கட்டினேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கள் காலை பாட்டிலோடு இறங்கினால், நாலாவில் தண்ணீர் இல்லை. குச்சி கல்லுக்கு நடுவில் நின்றது. அதன் அடியில் மண் வெடித்திருந்தது. மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். ஊற்று வரும் இடத்தில் பாசி காய்ந்து காகிதம் போல உரிந்தது. பையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நூல்கண்டுகள் இருந்தன. கட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கை தேடியது. அப்போதுதான் எனக்கு அந்த ஃபோன் ஞாபகம் வந்தது. "கட்டுறதுக்கு" என்று அம்மா தொடங்கியது.

மாசி தன் வீட்டுக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சு பாதி ஹிந்தி, பாதி அம்மாவிடம் கற்ற தமிழ்.

"மாசி, நாலா காஞ்சு கெடக்கு."

"ஹாங், சூகா. போன சாலும் சூகாதான். தெரியாதா உனக்கு?"

"போன வருசமுமா? அப்போ அம்மா எங்க தண்ணி எடுத்தா?"

மாசி சோப்புக் கையால் கிணற்றைக் காட்டினார். "இங்கதான். ஹர் சோம்வார், திங்கக்கெழம தவறாம வருவா. பால்டி நெறைய எறைச்சு, கைய உள்ள விட்டு, உள்ளயே மூடி. திருப்பித் திருப்பிப் பாப்பா. நான் கேட்டேன், அரே, உன் பேட்டி, உன் பொண்ணு, நாலா பானி கேட்டா, நீ என்ன கெணத்து பானி குடுக்கற?"

"என்ன சொன்னா?"

"'ஏனத்த வெறுமனயா திருப்பி அனுப்பலாமா தீதி'ன்னா. அதே குன்னுத் தண்ணிதானேன்னா." மாசி ஒரு துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "நான் சொன்னேன், பேட்டி தப்பா நெனைக்கும். அவ சிரிச்சா. 'நான் நூல் கட்டலியே. நூல் இல்லன்னா நாலாவுல தண்ணி இல்லன்னு புரிஞ்சுக்கும். படிச்ச புள்ளல்ல'ன்னா."

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

பதினொரு 'மறதி'. என் கையெழுத்து அழகாக இருக்கும், பள்ளியிலேயே பரிசு வாங்கியது. அந்த அழகான எழுத்தில், பேனாவில், ஒன்றன் கீழ் ஒன்றாக. அம்மாவுக்கு நான் மூன்று நிறம் கொடுத்தேன். தண்ணீரே இல்லையென்றால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்து, பதினொரு வாரம் பிசகாமல் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதைப் படிக்கத் தெரியாமல் போனது எனக்குத்தான்.

கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கிணற்று நீர் பல நாள் பாறைக்குள்ளேயே கிடப்பது. அதில் உப்பு அதிகமாகத்தான் இருக்கும். வறண்ட மாதத்தில் எங்கள் பாறை ஓய்வதில்லை என்று நான் எழுதியது தவறு. அந்தப் பதினொரு வாரம் அந்தக் குன்று காற்றிலிருந்து எடுத்த எதையும் கடலுக்குக் கொண்டுபோகவில்லை. மழை நின்றால் அந்த வேலையும் நிற்கும். எளிய விஷயம், கைதட்டல் வாங்காது.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியைக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேப்பரோட உயிரே போச்சும்மா" என்றார். பிறகு, "சரி. அந்தப் பதினொரு வாரத்தையும் எடுத்துடு. சாம்பிள் கிடைக்கலன்னு போட்டுடு. தண்ணி எடுத்தவங்க தப்பு, உன் தப்பு இல்ல" என்றார்.

"மேடம், எடுத்தவங்க தப்பு பண்ணல. தண்ணி இல்லன்னு சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் புரியல. அங்க சைபர் போடணும். விட்டுப்போச்சுன்னு போடக்கூடாது."

"சைபர் போட்டா வருசத்து மொத்தமே எறங்கிடும். இத வச்சு உனக்கு இடம் கேக்க முடியாது, தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"அம்மா ஞாபகத்துல பேசறியா?"

"அந்த எண்தான் சரி மேடம்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அன்று சாயங்காலம் பதினொரு 'மறதி'யையும் அடித்தேன். பக்கத்தில் 'நீர் இல்லை' என்று எழுதினேன். அடித்ததற்குக் கீழே பழைய எழுத்து இன்னும் தெரிகிறது. பேனாவில் எழுதியது அல்லவா, அழிக்க முடியாது. அப்பா எட்டிப் பார்த்து, "என்னா எழுதுற?" என்றார். "அம்மா சொன்னத" என்றேன்.

அடுத்த திங்கள் பாட்டிலோடு கிளம்பினேன். காய்ந்தே கிடந்த நாலாவில் குச்சியைப் பார்த்துவிட்டு, மாசி வீட்டு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். கிணற்றடியில் பால்டி இருந்தது. கயிறு ஈரமாக இருந்தது. கால் தானாக நின்றது. ஒன்றுமே இல்லாத பாத்திரத்தை ஒருவர் கையில் கொடுப்பது இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதற்குப் பயந்துதான் அம்மா ஒவ்வொரு வாரமும் இறைத்திருக்கிறாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் பாட்டில் மடியில் எடையே இல்லாமல் கிடந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டது.

ஜங்லிகாட்டில் படியேறினேன். தெலுங்கு அண்ணன் அக்டோபருக்குப் பிறகு கங்கா ஜல் என்று யாரையும் கேட்பதில்லை. பாட்டிலை வாங்கி, எடையில்லாததைக் கண்டு, ஆட்டிப் பார்த்தார்.

"காலி?"

"காலி."

"டோரி பி நஹி?"

"நூலும் இல்ல அண்ணா. அப்படியே எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். படம் எடுத்தார். பழக்கத்தில் எடுத்ததை எனக்கே அனுப்பினார், என் கைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. பிறகு அலமாரியைத் திறந்து, அடுத்த வாரத்துக்கான பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டு இறங்கினேன்.